சிவகங்கைக் கல்லும் பேட்டரி வண்டியும்

எல்லோருக்கும் வணக்கம். கையில் கல்லோடு மேடையேறியிருக்கிறேன்; பயப்படாதீர்கள், எறிவதற்கு இல்லை. சிவகங்கைப் பக்கத்துக் கல். கட்டைவிரலை ஒரு தேய் தேய்த்தேன், பாருங்கள், ரேகையெல்லாம் கறுத்து மினுங்குகிறது. கிராஃபைட். பிள்ளைகள் பென்சிலில் எழுதுவது இதைக்கொண்டுதான். பூவந்தி தாண்டிப் போனால் அரசின் டாமின் நிறுவனம் இதை வெட்டியெடுக்கிறது.

பேட்டரி என்றாலே லித்தியம் லித்தியம் என்கிறோம். ஒரு நடுத்தர மின்சாரக் காரின் பேட்டரியில் லித்தியம் 10 கிலோகூட வராது. கிராஃபைட் 50 கிலோ இருக்கும். நம்ம மங்கம்மாள் சத்திரம் மாதிரி இது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் வந்து இதன் அடுக்குகளுக்குள் தங்கும். வண்டி ஓடும்போது மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

சரி, கல்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன? வெட்டிய கல் பேட்டரிக்கு ஆகாது. 99.95 சதவீதம் சுத்தமாக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக அரைக்க வேண்டும். உலகத்தில் இந்த வேலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சீனாவில் நடக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து அனுமதி இல்லாமல் பேட்டரிக்கான கிராஃபைட் ஏற்றுமதி கிடையாது என்று அவர்கள் சொன்னதும் பல நாடுகளுக்கு வியர்த்தது.

'நாமே சுத்திகரிப்போம்' என்று இந்த இடத்தில் முழங்கினால் கைதட்டு விழும். எனக்கும் ஆசைதான். ஆனால் சுத்திகரிப்புக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், கண்ணாடியையே அரிக்கும். அந்தக் கழிவுநீர் எந்தக் கண்மாயில் போய் விழும்? சிவகங்கைச் சீமையில் கண்மாயை நம்பித்தானே வயல்? அமிலம் இல்லாமல், 3000 டிகிரி அளவுக்குச் சூடேற்றியும் செய்யலாம். அதற்கு ஏகப்பட்ட மின்சாரம் வேண்டும், அது நிலக்கரியில் வந்தால் பழைய கதைதான். கட்டுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

பல லித்தியம் பேட்டரிகளில் சேர்க்கிற உலோகமான கோபால்ட்டின் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உலகத்துக் கோபால்ட்டில் 70 சதவீதம் அளவுக்குக் காங்கோவில் எடுக்கிறார்கள். கொல்வேசி பக்கம் சிறுவர்கள்கூடக் குழிக்குள் இறங்கியிருக்கிறார்கள். அதனால் கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்தபோது நிம்மதியாக இருந்தது. அதிலும் ஒரு சிக்கல். விலையுள்ள உலோகம் அவ்வளவாக இல்லாத குப்பையை யார் ஆசையாக வாங்குவார்? வீட்டு இன்வெர்ட்டரின் பழைய ஈய பேட்டரியைக் கொடுத்தால் கடைக்காரர் புதியதன் விலையில் கழிக்கிறார். ஈயத்துக்குக் காசு இருக்கிறது. அதைக் கொல்லைப்புறத்தில் உருக்குகிறவர்களின் நுரையீரலைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன்.

தயாரித்தவரே பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2022-இல் மத்திய அரசு விதி போட்டது. போன வாரம் பைபாஸ் ரோட்டில் ஒரு ஷோரூமில் ஸ்கூட்டர் பார்த்தேன். "தம்பி, பேட்டரி செத்தால் என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்றேன். அந்தப் பையன் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"எட்டு வருசம் கழிச்சுப் பார்த்துக்கிருவோம்ணே."