கைதட்டலுக்கு முந்தைய இரண்டு நொடி

வணக்கம். பேண்டு என்றதும் நமக்கெல்லாம் கல்யாண ஊர்வலம்தான் கண்முன் வரும். நான் இன்று பேச வந்தது வேறு பேண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில் நூற்பாலைகளையும் நிலக்கரிச் சுரங்கங்களையும் ஒட்டி வளர்ந்த பிராஸ் பேண்டு, அதிலும் அரங்கத்தில் ஜனங்கள் உட்கார்ந்திருக்க நேரடியாகப் பதிவு செய்த இசைத்தட்டுகள். யார்க்‌ஷயரில் பிளாக் டைக் ஆலையின் பேண்டு 1855-இல் தொடங்கியது, இன்றும் வாசிக்கிறது. வழக்கமான அமைப்பில் 25 பேர் பித்தளை வாத்தியம், கூடவே தாளக்காரர்கள், அவ்வளவுதான். வயலின் கிடையாது, கிளாரினெட் கிடையாது. எல்லாமே உதடும் மூச்சும்.

ஸ்டுடியோ பதிவுகளையும் கேட்கிறேன், சுத்தமாக இருக்கும். ஆனால் மனசு என்னவோ நேரடிப் பதிவுக்குத்தான் போகிறது. காரணம் பிசிறு. டிரம்பெட் மாதிரி இருக்கும் கார்னெட்தான் இந்த பேண்டின் முக்கிய வாத்தியம். அதில் இருப்பது மூன்றே வால்வு, ஒரே வால்வு நிலையில் உதட்டின் இறுக்கத்தை மாற்றித்தான் பல ஸ்வரங்களை எடுக்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் அந்த ஸ்வரங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். மேலே ஏற ஏற நெருங்கிவிடும். உதடு மயிரிழை தவறினாலும் பக்கத்து ஸ்வரத்தில் போய் விழும். ஸ்டுடியோ என்றால் இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளலாம். அரங்கத்தில் அது கிடையாது.

என்னிடம் ஒரு கச்சேரித் தட்டு இருக்கிறது. மெதுவான பகுதியின் கடைசியில், எல்லோரும் அடங்கிய பிறகு, சோப்ரானோ கார்னெட், அதாவது உச்ச ஸ்தாயிக்கான சின்னக் கார்னெட், தன்னந்தனியாக, ரொம்பச் சன்னமாக ஓர் உச்ச ஸ்வரத்தை எடுக்க வேண்டும். பேண்டிலேயே அந்த வாத்தியம் ஒன்றுதான், தவறினால் மூடி மறைக்கப் பக்கத்தில் ஆள் இல்லை. முதலில் வெறும் காற்று வருகிறது, 'ஃபூ' என்று கால் நொடி. அதற்கப்புறம் ஸ்வரம் வந்து, ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அந்தக் கால் நொடிக் காற்றுக்காகவே அந்தத் தட்டை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன்.

இந்த பேண்டுகளுக்கு உயிர்நாடியே போட்டிதான். மான்செஸ்டரில் பெல் வ்யூ போட்டி 1853-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் பெரிய இசையமைப்பாளர்களான ஹோல்ஸ்ட் 1928-லும் எல்கர் 1930-லும் தேசியப் போட்டிக்கென்றே புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லா பேண்டும் அதே உருப்படியை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும். நடுவர்கள் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்து, யார் வாசிக்கிறார்கள் என்று தெரியாமல், காதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். போட்டிப் பதிவு கேட்கும்போது நாமும் அந்தக் கூண்டுக்குள்தான் இருக்கிறோம். 1992 அக்டோபரில் பிரிட்டனில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது, அதில் யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப்பும் ஒன்று. அடுத்த சில நாட்களிலேயே கிரைம்தார்ப் பேண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் பட்டத்தை வென்றது. அந்த மாதிரி ஒரு நாளின் மூச்சை எந்த ஸ்டுடியோவில் போய் மறுபடி எடுப்பது?

சரி, இவ்வளவு சொல்லிவிட்டுக் குறைகளைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. முதல் சிக்கல் மைக். கார்னெட்டும் டிராம்போனும் நேராக முன்னால் ஊதும், டெனர் ஹார்ன், யூஃபோனியம், பேஸ் எனும் பெரிய டியூபா மாதிரி கனமான குரல் வாத்தியங்கள் எல்லாம் வாயை மேலே தூக்கிக்கொண்டு கூரையைப் பார்த்து ஊதும். மைக்கைக் கிட்டே வைத்தால் கார்னெட் காதைக் குத்தும், அடியில் இருக்க வேண்டிய பேஸ் கூரையில் பட்டுத் தாமதமாக வந்து குழம்பும். தள்ளி வைத்தால் மண்டபம் மொத்தமும் உள்ளே வந்துவிடும். ஆல்பர்ட் ஹாலின் எதிரொலியை அடக்க 1969-இல் கூரையில் காளான் மாதிரி வட்டுகளையே தொங்கவிட வேண்டியிருந்தது.

அடுத்தது ஒலி அளவு. ஒத்திகையில் பார்த்து வைத்த அளவு கச்சேரியில் செல்லாது, கூட்டத்தைப் பார்த்ததும் இன்னும் பலமாகத்தான் ஊதுவார்கள். டிஜிட்டலில் எல்லை தாண்டிய ஒலி நசுங்கிப் போனால் போனதுதான். நான் ஆசை ஆசையாக வாங்கிய ஒரு தட்டில் கடைசி இரண்டு நிமிடம் முழுக்க இப்படிக் கரகரப்பு. அப்புறம் சுருதி: வாத்தியமும் அரங்கமும் சூடேற, குழாய்க்குள் ஒலியின் வேகம் கூடும், சுருதி மேலே நகரும். 25 பேரும் சேர்ந்து நகர்ந்தால் தெரியாது. இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்து ஆறிப்போன வாத்தியத்தோடு ஒருவர் தனி வாசிக்க எழுந்தால் பளிச்சென்று தெரியும்.

எனக்கு மன்னிக்க முடியாதது வேறு. மறுநாள் காலி அரங்கத்தில் வாசித்த துண்டுகளை ஒட்டி, முடிவில் கைதட்டலை மட்டும் சேர்த்து 'நேரடி' என்று போடுவது. பிசிறை எடுத்துவிட்டால் ஸ்டுடியோ என்றே சொல்லிவிடலாமே, எதற்கு அந்தப் பெயர்?

ஆகவே நேரடி என்று போட்ட தட்டு ஒன்றை வாங்கும் முன் நான் கடைசி உருப்படியின் கடைசி நிமிடத்தைத்தான் போட்டுப் பார்ப்பேன். பேஸ் அடங்கி, மண்டபத்தில் ஒலி கரைந்து, யாரோ ஒருவர் நாற்காலியில் அசைய, அதற்கப்புறம் கைதட்டல் எழும்ப வேண்டும். இடையில் இரண்டு நொடி இருந்தால் வாங்கிவிடுவேன்.