ஸ்டெல்லாரிஸ்: எதிரி எந்த வழியாக வருவான்?

திரையில்: விண்மீன் மண்டல வரைபடம். இடப்பக்கம் நீலப் பேரரசு, வலப்பக்கம் சிவப்பு.

ஸ்டெல்லாரிஸ் என்பது விண்வெளியில் பேரரசு கட்டிப் போரிடும் கணினி விளையாட்டு. இதில் நீலம் நான், சிவப்பு பக்கத்து நாட்டுக்காரன். எல்லையில் இருக்கும் இந்த இரண்டு நட்சத்திரங்களையும் பாருங்கள், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. இதிலிருந்து அதற்குக் கப்பலை அனுப்புகிறேன். ஒன்பது தாவல் சுற்றிக்கொண்டு போகிறது. நடுவில் கோடு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே பிடிபடும். புலி எவ்வளவு பெரிய புலியாக இருந்தாலும் தரையில் கீறிய கோட்டின் மேல்தான் நகர முடியும், கட்டத்தின் குறுக்கே பாய முடியாது. அதனால்தான் பதினைந்து ஆடுகள் சேர்ந்து மூன்று புலிகளை அடைத்துப் போட முடிகிறது. ஸ்டெல்லாரிஸில் அந்தக் கோட்டுக்குப் பெயர் ஹைப்பர்லேன்.

திரையில்: பழைய பதிப்பின் தொடக்கத் திரை, மூன்று பயண முறைகள்.

இது முதலிலிருந்தே இப்படி இல்லை. 2016 மே மாதம் பாரடாக்ஸ் நிறுவனம் இந்த விளையாட்டை வெளியிட்டபோது மூன்று பயண முறைகள் இருந்தன. வார்ப் எடுத்தால் எட்டும் தூரத்திலுள்ள எந்த நட்சத்திரத்துக்கும் நேராகப் போகலாம், ஆனால் மெதுவாக. வார்ம்ஹோல் எடுத்தால் அதற்கென்று ஒரு நிலையம் கட்டி, அதன் எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். ஹைப்பர்லேன் வேகமானது, ஆனால் கோட்டை விட்டு விலக முடியாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆடிப் பார்த்தால் தலைவலி. நான் எல்லையில் கோட்டை கட்டினால் வார்ப் வைத்திருக்கும் எதிரி அதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக என் தலைநகரத்துக்கு வந்து நிற்பான், நான் அவனைத் துரத்துவேன், அவன் வேறு இடத்துக்குத் தாவுவான், இப்படியே பாதிப் போர் கண்ணாமூச்சியிலேயே போகும்.

2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் வார்ப்பையும் பழைய வார்ம்ஹோல் நிலையத்தையும் எடுத்துவிட்டு, எல்லாரும் ஹைப்பர்லேனில்தான் தொடங்க வேண்டும் என்று ஆக்கினார்கள். காசு கொடுத்து வாங்கிய வசதியைப் பிடுங்கிவிட்டார்களே என்று அப்போது பலருக்குக் கோபம், அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் என்னைக் கேட்டால் இந்த விளையாட்டுக்கு நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று. அதற்கு முன்பு விண்வெளி வெறும் கருப்புத் துணி. அதற்குப் பிறகுதான் அதில் கணவாய், முட்டுச்சந்து, நாற்சந்தி எல்லாம் வந்தன.

திரையில்: ஒரே ஒரு நட்சத்திர அமைப்பு. போர்க்கப்பல்கள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்கின்றன.

இப்போது பலர் கவனிக்காத ஒன்று. தாவல் என்றால் கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த நட்சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் ஒரு அமைப்புக்குள் ஓரத்தில் நுழைகிறது. அடுத்த கோடு எதிர்ப்பக்கம் இருந்தால் அமைப்பு முழுவதையும் சாதாரண வேகத்தில் குறுக்கே கடந்து அந்த ஓரத்துக்குப் போக வேண்டும், அங்கே எஞ்சின் தயாராகும் வரை நிற்க வேண்டும், அப்புறம்தான் தாவல். பயண நேரத்தில் பெரும்பகுதி இந்தக் குறுக்கு நடைக்கே போய்விடுகிறது. தாவல் எஞ்சினான ஹைப்பர்டிரைவை மேம்படுத்தினால் நிற்கும் நேரம் குறையும், நடை குறையாது. நடைக்குத் தேவை நல்ல திரஸ்டர்கள், அதாவது கப்பலைத் தள்ளும் எஞ்சின்கள். அதோடு ஒரு படை அதிலுள்ள மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் போகும். அடிப்படை வேகத்தில் சிறிய கப்பலான கார்வெட் 160, பெரிய போர்க்கப்பலான பேட்டில்ஷிப் 100. இருபது கார்வெட்டோடு ஒரே ஒரு பேட்டில்ஷிப்பைச் சேர்த்தீர்கள் என்றால், குதிரைப் படையை மாட்டு வண்டிக்குப் பின்னால் நடக்க விட்ட கதைதான்.

வழியிலுள்ள நட்சத்திரம் எப்படிப்பட்டது என்பதும் முக்கியம். நியூட்ரான் நட்சத்திரம் கப்பல்களை இன்னும் மெதுவாக்கும். பல்சர் இருக்கும் இடத்தில் கேடயங்கள் வேலையே செய்யாது. எதிரி கேடயத்தை நம்பிக் கப்பல் கட்டியிருக்கிறானா? நீங்கள் கவசத்தை நம்பிக் கட்டி, அவன் பல்சர் வழியாக வரும் வரை காத்திருங்கள்.

திரையில்: ஒரே வாசல் கொண்ட நட்சத்திரக் கூட்டம். வாசலில் ஸ்டார்பேஸ் என்ற விண்வெளி நிலையம்.

சரி, தற்காப்பு. விரிவடையும்போது வளத்தை மட்டும் பார்த்து ஓடாதீர்கள். உங்கள் பக்கமுள்ள பத்துப் பதினைந்து நட்சத்திரங்களுக்கு வெளியிலிருந்து எத்தனை கோடு வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டோ மூன்றோ இருக்கும். அந்த வாசல்களை முதலில் பிடித்துவிட்டால் உள்ளே இருப்பதை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம், எல்லையை மூடிவிட்டால் வேறு யாரும் உள்ளே வரவும் முடியாது. நடுவில் சிலவற்றை விட்டுவிட்டு வாசலுக்குத் தாவி அவுட்போஸ்ட் என்ற எல்லைச் சாவடி கட்டினால் இன்ஃப்ளுயன்ஸ் என்ற செல்வாக்குப் புள்ளி கூடுதலாகப் போகும். பரவாயில்லை, போகட்டும்.

வாசலில் கட்டும் ஸ்டார்பேஸ் எதிரியை அடித்து நொறுக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, அவனை நிறுத்தினால் போதும். ஸ்டார்பேஸில் இன்ஹிபிட்டர் என்ற தடைக் கருவி உள்ள அமைப்புக்குள் எதிரிப் படை நுழைந்தால் வந்த கோட்டின் வழியாகத் திரும்பலாம், வேறு எந்தக் கோட்டிலும் போக முடியாது. ஸ்டார்பேஸை வீழ்த்தினால்தான் மேலே வழி. அவன் அங்கே முட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் படை வந்து சேரும். அதே அமைப்பில் ஃபோர்ட்ரஸ் என்ற கோட்டை கட்டிய கிரகமும் இருந்தால் இன்னும் நல்லது. கிரகத்துக்கும் இன்ஹிபிட்டர் உண்டு, அதைப் பிடிக்கக் கப்பல் போதாது, தரைப்படையை இறக்கியாக வேண்டும்.

திரையில்: நீலப் பேரரசின் நடுப்பகுதி. ஒரு வார்ம்ஹோல் சுழல்கிறது.

இவ்வளவு பேசுகிற நானே மாட்டிக்கொண்ட இடம் இது. இரண்டு வாசலிலும் ஸ்டார்பேஸ், சுற்றிலும் பீரங்கி, ஒரு குறையும் இல்லை. தலைநகரத்துக்கு மூன்று தாவல் தள்ளி ஒரு இயற்கை வார்ம்ஹோல், அதாவது தொலைவிலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் துளை, இருந்தது, அதைத் திறக்கும் ஆராய்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மறுமுனையில் இருந்தவன் தள்ளவில்லை. போர் வந்ததும் முழுப் படையோடு கொல்லைப்புறமாக வந்துவிட்டான். வாசலில் நின்ற என் படை எதிரியே இல்லாத இடத்தைக் காவல் காத்துவிட்டு, குறுக்கு நடை நடந்து வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு கிரகங்கள் போயிருந்தன. வார்ம்ஹோலும் ஒரு வாசல்தான், அதற்கும் ஒரு ஸ்டார்பேஸ் ஒதுக்குங்கள்.

ஒன்றில் நுழைந்து தொலைவிலுள்ள இன்னொன்றில் வெளியே வரும் கேட்வே அப்படி இல்லை. எதிரி தன் பக்கத்துக் கேட்வேக்குள் நுழைந்து உங்கள் நாட்டிலுள்ள கேட்வே வழியாக வெளியே வர விளையாட்டு விடாது. ஆனால் உங்கள் கேட்வே இருக்கும் அமைப்பை அவன் போரில் கைப்பற்றிவிட்டால் அது அவனுக்கும் கதவு. அதனால் எல்லையில் கட்டாதீர்கள், இரண்டு மூன்று தாவல் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். ஓவர்லார்ட் என்ற கூடுதல் தொகுப்பை வைத்திருப்பவர்கள் ஹைப்பர் ரிலே என்ற நிலையங்களைத் தொடர்ச்சியாகக் கட்டினால் சொந்த நாட்டுக்குள் குறுக்கு நடையே தேவைப்படாது.

கடைசியாக ஜம்ப் டிரைவ் என்ற எஞ்சின். கோட்டைப் பற்றி இதுவரை சொன்ன அத்தனையையும் மீறி, இன்ஹிபிட்டர் கோட்டையையும் தாண்டி நேராகக் குதிக்கலாம். குதித்த கையோடு சண்டைக்குப் போகாதீர்கள். டிரைவ் மறுபடி சார்ஜ் ஆகும் வரை ஆயுதங்களின் அடியும் கப்பல் வேகமும் குறைந்திருக்கும். நான் அதைப் போர்க்களத்தில் இறங்கப் பயன்படுத்துவதில்லை. எதிரியின் பெரிய படை என் வாசலில் முட்டிக்கொண்டிருக்கும்போது, காவல் இல்லாத அவனுடைய கப்பல் பட்டறை மேல் ஒரு சிறிய படையை இறக்குவேன். அவன் திரும்பி ஓட வேண்டும், ஒன்பது தாவல்.

இன்னொன்று, ஜம்ப் டிரைவ் ஆராய்ச்சியைத் தொட்டால் ஆட்டத்தின் பிற்பகுதியில் வேறொரு பரிமாணத்திலிருந்து அன்பிடன் என்ற எதிரிக் கூட்டம் வந்து இறங்கும் வாய்ப்பு கூடும். நான் ஒவ்வொரு முறையும் தொட்டுவிடுகிறேன்.