மதிலும் பாராவும்

அவைத் தலைவர் அவர்களே, சட்டக் கல்லூரி மாணவர்களே, வணக்கம்.

தமிழ்நாட்டுச் சிறைகளைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான், அவற்றின் மதிலிலிருந்து தொடங்காமல், உள்ளே இரவில் 'பாரா' பார்க்கும், அதாவது சுற்றிவந்து காவல் காக்கும், இரண்டாம் நிலைக் காவலரிடமிருந்து தொடங்குகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை சிறைகளை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதால், அவற்றின் நிர்வாகம் முழுவதும் மாநில அரசின் பொறுப்பு. புழலில் இரண்டும், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் ஒவ்வொன்றுமாக மத்திய சிறைகள் ஒன்பது. பெண்கள் தனிச் சிறைகள், கிளைச் சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் வேறு. ஒரு மத்திய சிறையைக் கண்காணிப்பாளர் நிர்வகிக்க, அன்றாட நடப்பை ஜெயிலரும் அவருக்குக் கீழுள்ள அலுவலர்களும் பார்க்கிறார்கள். ஆனால் மாலையில் கைதிகளை எண்ணி அடைப்பதும், காலையில் எண்ணித் திறப்பதும், 'மனு' பார்க்க, அதாவது கைதிகளைச் சந்திக்க, வருவோரைச் சோதிப்பதும் காவலர்தான்.

மத்திய அரசு வெளியிட்ட 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு ஆறு கைதிகளுக்கு ஒரு காவலர் வேண்டும் என்கிறது. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. நாளை எட்டு மணி நேர முறைப்பணிகள் மூன்றாகப் பிரித்தால், எந்த நேரத்திலும் பதினெட்டுப் பேருக்கு ஒருவர். விடுப்பையும் பயிற்சியையும் வாயிற்பணியையும் கழித்தால் அந்த ஒருவரும் முழுதாகக் கிடைப்பதில்லை. விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் வழிக்காவல் காவல்துறை ஆயுதப்படையின் வேலை. அங்கே ஆள் இல்லையென்றால் வாய்தா தள்ளிப்போகிறது, கைதி இன்னும் சில வாரம் உள்ளேயே இருக்கிறார், சிறையில் நெரிசல் கூடுகிறது. 2022இல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள்.

1837இல் கட்டப்பட்ட சென்னை மத்திய சிறைக்கு மதிலுக்குக் குறைவில்லை. ஆனாலும் 1999 நவம்பர் 17 அன்று, அங்கே ஒரு கைதியின் மரணத்தைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் துணை ஜெயிலர் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். பழைய சிறை இருந்த இடத்தில் இன்று மருத்துவக் கல்லூரிக் கட்டடம் நிற்கிறது.

ஆள் போதாதபோது நிர்வாகம் குறுக்கு வழி தேடும் என்பது என் கருத்து. பாளையங்கோட்டையில் மோதலைத் தவிர்ப்பதாகச் சொல்லிக் கைதிகளைச் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் அடைத்தது அத்தகைய வழிதான். காவலர் செய்ய வேண்டிய வேலையைச் சாதியிடம் ஒப்படைத்தார்கள் என்றே சொல்வேன். சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தர வேலூரில் 1979 முதல் ஒரு கழகம் இருக்கிறது. ஆகவே எல்லாச் சாதியினரையும் கலந்து அடைத்து எப்படிக் காவல் காப்பது என்று கற்றுத்தர இடமுண்டு. கலந்து அடைக்கப்படும் அந்தத் தொகுதிகளில் இரவுப் பாராவுக்குக் கூடுதலாக எத்தனை பணியிடம் என்பதைத்தான், சிறைகளுக்கான மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுகிறேன்.