தரையில் உட்கார்ந்து சூரிய வெடிப்பைப் பிடிப்பது

வணக்கம், நேயர்களே. சூரியன் வீசும் புரோட்டான்களில் மிக வேகமானவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடும். அவை நேரே தரைக்கு இறங்குவதில்லை. உயரத்தில் காற்றின் அணுக்கருக்களை மோதி உடைக்கின்றன. அதில் சிதறும் நியூட்ரான்கள் கீழே வருகின்றன. அவற்றை எண்ணுவதுதான் நியூட்ரான் மானியின் வேலை.

1964-இல் வந்த வடிவமைப்பு இன்றும் ஓடுகிறது. இரண்டு மீட்டர் நீளக் குழாய், உள்ளே போரான் டிரைஃபுளோரைடு வாயு. அதைச் சுற்றி மெல்லிய பாலித்தீன், அதற்கு மேல் ஈய வளையங்கள், வெளியே தடித்த பாலித்தீன் பெட்டி. வந்து மோதும் நியூட்ரானை ஈயம் பல நியூட்ரான்களாகப் பெருக்குகிறது. உட்பாலித்தீன் அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. போரான் விழுங்கும்போது ஒரு மின்துடிப்பு எழுகிறது. வெளிப்பெட்டி, சுற்றுப்புறத்தில் அலையும் மெதுவான நியூட்ரான்களை உள்ளே விடாது. ஈயம் குழாய்க்கு ஒன்றரை டன்னுக்கு மேல். தரை தாங்குமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்!

துருவத்தருகே 40 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தாண்டிய புரோட்டான் போதும், கடல்மட்டத்தில் தடயம் கிடைக்கும். நிலநடுக்கோட்டருகே புவியின் காந்தப்புலம் 1,500 கோடி வரை தடுத்துவிடும். ஆகவே முதல் செய்தி பெரும்பாலும் துருவ நிலையங்களிலிருந்தே வரும்.

பின்லாந்தின் ஓலூவில் ஒன்பது குழாய்கள். சூரியன் வெடிக்காத நாளிலும், விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிரால் நிமிடத்துக்கு ஆறாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை. தற்செயலாக வரும் எண்ணிக்கை அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஆடும்; ஆறாயிரத்தின் வர்க்கமூலம் 77. அதாவது சூரியன் சும்மா இருந்தாலும் நிமிடத்துக்கு நிமிடம் ஒன்றேகால் சதவீதம் ஆடும். மூன்று நிமிடச் சராசரி எடுத்தால் ஆட்டம் ஏறத்தாழ 0.7 ஆகிவிடும். அதற்கு மேல் 4 சதவீத உயர்வு என்றால் தற்செயல் அல்ல. ஆனால் சூரியன்தானா?

முதலில் சந்தேகப்பட வேண்டியது பாரமானியை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் கூடும். பாரமானி காட்டும் அழுத்தத்தை வைத்து அதைத் திருத்துவார்கள். ஐந்து மில்லிபார் சரிவை பாரமானி பதிவு செய்யாமல் விட்டால், திருத்தத்துக்குப் பிறகும் மூன்றரை சதவீதப் போலி உயர்வு நிற்கும். பலத்த காற்று பாரமானியின் துளையை உறிஞ்சினால் அழுத்தம் பொய்யாகக் குறைந்து தெரியும். திருத்தம் எண்ணிக்கையை வெட்டிவிடும். காற்று ஓய்ந்ததும் எண்ணிக்கை எழும், பார்த்தால் வெடிப்பு போலவே இருக்கும். கூரையில் பனி குவிந்தாலும் எண்ணிக்கை குறையும். அது சரிந்து விழுந்தால் திடீரென ஏறும்.

அடுத்து, குழாய்களைத் தனித்தனியே பாருங்கள். ஒன்று மட்டும் துள்ளினால் அது ஈரம் ஏறிய முன்பெருக்கி (மின்துடிப்பைப் பெரிதாக்கும் சுற்று), அல்லது உயர்மின்னழுத்தக் கோளாறு. உண்மையான வெடிப்பில் எல்லாக் குழாயும் சேர்ந்தே ஏறும்.

உயர்வை எதோடு ஒப்பிடுவது, அதாவது அடிக்கோடு எங்கே போடுவது என்பதும் சிக்கல்தான். 2024 மே 11-இல் நடந்த வெடிப்பு, முந்தைய நாள் சூரியப்புயல் காஸ்மிக் கதிரைக் குறைத்திருந்த பள்ளத்துக்குள்ளேயே எழுந்தது. பழைய வாரச் சராசரியோடு ஒப்பிட்டிருந்தால் உயர்வே தெரியாது. வெடிப்புக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தையே அடியாக எடுக்க வேண்டும்.

எனவே ஒரு நிலையம் ஏறினால் கண்ணை அங்கே வைக்கலாம், அறிவிக்கக் கூடாது. தொலைவிலுள்ள மூன்று நிலையங்கள் ஒரே நேரத்தில் ஏறினால் மணி அடிக்கலாம்: மூன்று பாரமானிகளும் ஒரே நிமிடத்தில் பொய் சொல்லாது.