78,000 ரூபா வந்துருச்சு மக்களே! ஒரு இனிஷியலுக்காக 3 வாரம் அலைஞ்ச கதை

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ கொஞ்சம் நீளமாத்தான் போகும், ஏன்னா எனக்கு நேத்துல இருந்து தரையில கால் நிக்கல. நேத்து சாயங்காலம் ஒரு நாலு மணி இருக்கும், அடுப்படில டீ போட்டுட்டு இருக்கேன், ஹால்ல இருந்து அத்தை "ஏம்மா, போன்ல என்னமோ வந்துருக்கு, எத்தனை சைபர்னு வந்து பாரு"ன்னு கூப்பிடுறாங்க. ஓடிப்போய் பாத்தா 78,000 கிரெடிட் ஆயிருக்கு! மானியம் வந்துருச்சு மக்களே, சோலார் மானியம்! டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சு போச்சு, அதைத் துடைக்கக்கூட தோணல, ரெண்டு பேரும் அந்த மெசேஜையே திரும்பத் திரும்ப படிச்சிட்டு உக்காந்திருந்தோம்.

என் பச்சை நோட்டு உங்களுக்குத் தெரியும். தினம் காலைல கோலம் போட்டு முடிச்ச கையோட மீட்டர் ரீடிங் எழுதுறது, 2022 கடைசில ஈபி நம்பரோட ஆதார் இணைக்கச் சொன்னாங்கல்ல, அப்ப வீடியோ போட்டப்ப ஆரம்பிச்ச பழக்கம், இன்னும் விடல. அந்த 500 யூனிட் விஷயத்தையும் எத்தனையோ வாட்டி சொல்லிருக்கேன், இருந்தாலும் இன்னொரு வாட்டி சொல்றேன், எனக்கு அது நெஞ்சுல முள்ளு மாதிரி. 2025ல இருந்த ரேட்டுப்படி, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டோட நின்னா பில்லு 1,805 ரூபா. அதுவே 510 ஆச்சுன்னா 2,124. வெறும் பத்து யூனிட்டுக்கு 319 ரூபா! ஏன்னா 500ஐ தாண்டினதும் 101ல இருந்து 200 வரைக்கும் உள்ள யூனிட்டுக்கு 2 ரூபா 35 பைசா போடாம 4 ரூபா 70 பைசா போட்டுருவாங்க, அங்கயே 235 ரூபா போயிரும். முதல் 100 யூனிட் இலவசம் மட்டும் அப்ப எல்லாருக்கும் இருந்துச்சு.

எங்க வீட்ல போன வெயில் காலத்துல 640 யூனிட் ஓடுச்சு, பில்லு 3,258 ரூபா. எங்க வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட்டுங்க, பகல்லதான் தூங்கணும், மதுரை வெயில்ல மொட்டை மாடிக்குக் கீழ இருக்கற ரூம்ல ஏசி இல்லாம எப்படித் தூங்குறது? மனுஷன் தூக்கத்துல சிக்கனம் பாக்க முடியாதுல்ல. ஆனா அந்த பில்லைப் பாத்த அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், இந்த வருஷம் சோலார் போட்டே ஆகணும்னு.

திட்டம் பேரு பிரதமரோட சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், போர்ட்டல்ல பிஎம் சூர்ய கர்னு இருக்கும். 2024 பிப்ரவரில ஆரம்பிச்சாங்க, ஒரு கோடி வீட்டுக்குப் போடறதா இலக்கு, 2026-27 வரைக்கும் ஓடுது. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதுக்கு மேல நீங்க 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். நாங்க போட்டது 3. ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 4 யூனிட்னு வச்சுக்கோங்க, அப்ப எங்களுக்கு 12 யூனிட் கிட்ட. எங்களுக்கு இன்னொரு வசதி என்னன்னா, ஏசி ஓடுற நேரமும் வெயில் அடிக்கிற நேரமும் ஒண்ணு.

இதுல ஒரு வருத்தம் இருக்கு. 2024லயே போஸ்ட்மேன் வீடு வீடா வந்து இதுக்கு பதிவு பண்ணாங்க, ஞாபகம் இருக்கா? எங்க வீட்டுக்கும் வந்தாரு. அத்தை "மாடி முழுக்க கண்ணாடியைப் போட்டுட்டா வடாம் எங்க காயப்போடுறது"ன்னு கேட்டு அனுப்பி வச்சிட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன், அவங்க போடுற கூழ் வடாம் சித்திரைல எங்க சொந்தக்காரங்க ஆறு வீட்டுக்குப் போகும், மாடிதான் அவங்க ராஜ்ஜியம். அதனால இந்த வாட்டி முதல் வேலையா அவங்களையே மாடிக்குக் கூட்டிட்டுப் போய் சாக்பீஸ்ல கோடு போட்டுக் காமிச்சேன். 3 கிலோவாட்டுக்கு 300 சதுர அடி கிட்ட போதும், தெற்கு பாத்து லேசா சாய்ச்சு வச்சா சரி. வடக்குப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான் அத்தை, சித்திரை வெயில் நேர் உச்சில நிக்கும், நிழலே விழாதுன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் நின்னு பாத்தாங்க, "சரி, போடு"ன்னாங்க. அந்த "சரி"க்கு எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

இப்ப அப்ளை பண்ற கதைக்கு வர்றேன். போர்ட்டல்ல மொபைல் நம்பர், ஓடிபி, மாநிலம், அப்புறம் ஈபி நம்பர். மதுரைன்னா நம்பர் 05ல ஆரம்பிக்கும், அந்த முன்னாடி இருக்கற சைபரை நிறைய பேர் விட்டுருவாங்க, நான் பில்லைப் பாத்து அப்படியே முழுசா போட்டேன். 10 கிலோவாட் வரைக்கும் சோலார் நம்ம லைனுக்கு ஒத்துவருமான்னு பாக்குற தனி ஆய்வு தேவையில்லை, 2024ல விதியை மாத்திட்டாங்க, அதனால அந்தப் படி சுலபமா போயிரும். அதுக்கப்புறம் பதிவு பண்ண கம்பெனிகள் லிஸ்ட்ல இருந்துதான் ஆளைப் பிடிக்கணும், வெளிய யாரோ போட்டா மானியம் கிடையாது.

கொட்டேஷன் மூணு வாங்கினேன். ஒண்ணு 1,62,000, ஒண்ணு 2,15,000, ஒண்ணு 1,98,000. 1,62,000னு பாத்ததும் அவரு "இதையே முடிச்சிரலாம்"ன்னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. பேனல் டி.சி.ஆரான்னு கேட்டேன், அதாவது பேனலும் அதுக்குள்ள இருக்கற செல்லும் ரெண்டுமே இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், அப்பதான் மானியம். அந்த ஆளு முதல்ல "எல்லாம் இந்தியாதான் மேடம்"னாரு. எழுதிக் குடுங்கன்னேன். மறுநாள் போன் பண்ணி, "இல்ல மேடம், செல்லு வெளிநாடு"ங்கிறாரு! 78,000 போயிருக்கும் மக்களே. எனக்கு இப்ப நினைச்சாலும் ஆத்திரமா வருது, எத்தனை பேரு அந்த ஒரு கேள்வி கேக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டிருப்பாங்க. தயவுசெஞ்சு பேப்பர்ல டி.சி.ஆர்னு எழுதி வாங்குங்க, வாய்ச் சொல்லை நம்பாதீங்க.

கடைசில 1,98,000க்கு முடிச்சோம், அதுல பேனல் நிக்கிற ஸ்டாண்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைக்கிறதும் சேத்தி. அடியில துணிக் கொடி கட்டியாச்சு. பணத்துக்கு என் சீட்டை எடுத்தேன், மீதிக்கு ஒரு வளையல் அடகுல போச்சு. இதை முக்கியமா கேட்டுக்கோங்க, மானியத்தைக் கழிச்சுக்கிட்டு மீதி குடுங்கன்னு எங்க ஆள் சொல்லல, முழுசா குடுத்துட்டுத்தான் காத்திருந்தோம். கையில இல்லாதவங்களுக்கு இதுக்குன்னே பேங்க் லோன் இருக்கு, ஜன் சமர்த் போர்ட்டல்ல அப்ளை பண்ணணும், சொத்து எதுவும் அடமானம் கேக்க மாட்டாங்க. எனக்குக் கடன்னாலே ஆகாது, அதனால அந்தப் பக்கம் போகல.

பேனல் ஏறினது ஒரே நாள்ல முடிஞ்சிருச்சு. அப்புறம் நெட் மீட்டர் வந்து மாட்டுனாங்க, நம்ம எடுக்கறது ஒரு கணக்கு, நம்ம குடுக்கறது ஒரு கணக்கு, ரெண்டையும் காமிக்கும். என் பச்சை நோட்டுல இப்ப ரெண்டு பத்தியா கோடு போட்டிருக்கேன்!

இப்ப வர்றேன் அந்த இனிஷியலுக்கு. இந்த வீடியோவே அதுக்காகத்தான்.

எல்லாம் முடிஞ்சதும் மானியம் கேக்குறதுக்கு போர்ட்டல்ல பேங்க் விவரம் போடணும். ஈபி கனெக்ஷன் அத்தை பேர்ல இருக்கு, அதனால பணமும் அத்தை அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். நல்லவேளை மாமா போனப்பவே கனெக்ஷனை அத்தை பேருக்கு மாத்தி வச்சிருந்தோம், அது மட்டும் மாத்தாம இருந்திருந்தா முதல்ல அதைத்தான் பண்ணிருக்கணும், இறந்தவங்க பேர்ல கனெக்ஷன் இருக்கறவங்க இன்னைக்கே கிளம்புங்க. சரி, எங்க கதை. ஈபி பில்லுல அத்தை பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். பேங்க் பாஸ்புக்ல பேருக்குப் பின்னாடி மாமா பேரை முழுசா விரிச்சு எழுதிருக்கு, இனிஷியலே இல்ல. நம்ம ஊருக்கு ரெண்டும் ஒரே ஆளு. கம்ப்யூட்டருக்கு ரெண்டு ஆளு! பேரு பொருந்தலன்னு திரும்பி வந்துருச்சு.

எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நம்ம ஊர்ல யாருக்குங்க குடும்பப் பேரு இருக்கு? நமக்கு இருக்கறது ஒரு பேரு, அப்பா பேர்லயோ புருஷன் பேர்லயோ இருந்து ஒரு எழுத்து. அந்த எழுத்தை ஒரு ஆபீஸ்ல முன்னாடி போடுவான், இன்னொரு ஆபீஸ்ல பின்னாடி போடுவான், ஒரு இடத்துல புள்ளி வைப்பான், இன்னொரு இடத்துல விரிச்சிருவான். அறுபத்தெட்டு வயசுல அத்தை எந்தப் பேப்பர்ல என்ன எழுதிருக்கான்னு பாத்துட்டா இருக்க முடியும்?

மறுநாள் பேங்குக்குப் போனோம். சர்வர் டவுன். அடுத்து போனது சனிக்கிழமை, பேங்க் வாசல் வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான் ரெண்டாவது சனின்னு உறைச்சுது, ஆட்டோவுக்கு மட்டும் போக வர 160 ரூபா. மூணாவது வாட்டி ஃபார்ம் எழுதிக் குடுத்தா, ஆதார்ல எப்படி இருக்கோ அப்படித்தான் மாத்துவோம்னாங்க. ஆதாரை எடுத்துப் பாத்தா, சாமி புண்ணியம், அதுல ஈபில இருக்கற மாதிரியே இனிஷியல் முன்னாடி. எழுத்து எழுத்தா நானே பில்லையும் ஆதாரையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டேன், 'த'வுக்கு இங்கிலீஷ்ல போடற எழுத்து முதற்கொண்டு. மாத்திக் குடுக்க இன்னும் ஒன்பது நாள். புது பாஸ்புக் முதல் பக்கத்தைப் பாத்ததும் கவுன்ட்டர்லயே எனக்கு கண்ணு கலங்கிருச்சு, அந்தப் பொண்ணு பயந்து தண்ணி குடுத்துச்சு. அன்னைக்கு சாயங்காலமே மறுபடி ஏத்தி விட்டேன், நேத்து பணம் வந்துருச்சு. ஆக மொத்தம் மூணு வாரம், ஒரு எழுத்துக்கு. நீங்க சோலாருக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி, கொட்டேஷன் கேக்குறதுக்கும் முன்னாடி, ஈபி பில்லு, ஆதார், பாஸ்புக் மூணையும் தரையில பரப்பி வச்சு பேரைப் பாருங்க.

ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், பேனல் மாட்டி முடிச்சதும் வீட்டுக்காரங்களையும் பேனலையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து ஏத்துவாங்க. அத்தை அதுக்காக பட்டுச் சேலை கட்டி, பூ வச்சு வந்து நின்னாங்க! கம்பெனிப் பையன் "பாட்டி, சும்மா நின்னா போதும்"னான். "என் பேர்ல வர்ற காசு, நல்லா நிக்கிறேன்"னாங்க. அந்த போட்டோவை பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டப்போறேன்.

அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க கேட்டிருந்தீங்க, உங்களுக்கும் உண்டு, அசோசியேஷனா சேந்து பொது லைட்டு, மோட்டாருக்குப் போட்டா கிலோவாட்டுக்கு 18,000. அதை நான் பண்ணிப் பாக்கல, அதனால அதுக்கு மேல பேசல. அப்புறம், மானியம் வாங்கித் தர்றேன், ஓடிபி சொல்லுங்கன்னு யாராவது போன் பண்ணா வச்சிருங்க. அத்தைக்கே ரெண்டு வாட்டி வந்துச்சு.

மொத்தத்துல எங்க கையில இருந்து போனது 1,20,000. வருஷத்துக்கு பில்லுல 15,000 கிட்ட மிச்சமானா எட்டு வருஷத்துல போட்ட காசு வந்துரும், பேனலுக்கு 25 வருஷம் வாரண்டி எழுதிக் குடுத்திருக்காங்க. சோலார் போட்ட பிறகு முதல் பில்லு இன்னும் வரல, வந்த அன்னைக்கே நோட்டையும் பில்லையும் வச்சு தனி வீடியோ போடறேன். நேத்து மட்டும் நாங்க வெளிய குடுத்தது 5 யூனிட், இந்தா பாருங்க, சிவப்பு மைல எழுதி வச்சிருக்கேன், தெரியுதா? ஃபோகஸ் ஆகுதா?

78,000ல என்ன பண்ணப் போறீங்கன்னு அத்தைகிட்ட காலைல கேட்டேன். "முதல்ல உன் வளையலை மீட்டுட்டு வா"ன்னு சொல்லி செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. ஈபில இருக்கற அதே கையெழுத்து, இனிஷியல் முன்னாடி. நான் அடகுக் கடை மூடறதுக்குள்ள போகணும், வர்றேன் மக்களே.