சிபியு சுடேல்லை, பிறகேன் வேகம் விழுந்தது? விஆர்எம் சூடும் வன்னி வெக்கையும்

[திரையில்: மொனிட்டரில் இரண்டு இலக்கங்கள் பெரிதாக]

இந்த ரெண்டு இலக்கத்தையும் பாருங்கோ. சிபியு, அதாவது புரொசஸரின்ர வெப்பநிலை 64 பாகை. வேகம் 1.2 கிகாஹேர்ட்ஸ். 64 பாகை எண்டா ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனா இந்தச் சிபியுவின்ர சாதாரண வேகம் 2.8. அப்ப மிச்ச வேகம் எங்க போச்சு?

வற்றாப்பளை வைகாசிப் பொங்கல் முடிஞ்ச கிழமை நடந்தது இது. நாலு கமெராவில எடுத்த வீடியோவை காலமை எட்டு மணிக்கு ரெண்டர் பண்ண, அதாவது ஒரே வீடியோவா ஆக்கி எடுக்கப் போட்டனான். மத்தியானம் வரைக்கும் ஒழுங்கா ஓடினது. ரெண்டு மணிக்குப் பிறகு ஆமை வேகம். பொழுதுபட்டு வெக்கை தணிய, தானாவே திரும்ப வேகம் எடுத்தது. அடுத்த நாளும் அப்படித்தான்.

எங்கட ஸ்டூடியோ கிளிநொச்சியில, தகரக் கூரைக்குக் கீழ. கொம்பியூட்டர், கழிச்சு வித்த பழைய சேர்வர் மதர்போட் ஒண்டில கட்டினது: ரெண்டு சியோன் ஈ5-2680 வி2 சிபியு, ஒவ்வொண்டிலயும் 10 கோர், ஒவ்வொண்டும் 115 வாட். சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில பூசுற பேஸ்டை நான் ரெண்டு தரம் மாத்தினன். விண்டோஸைத் திரும்பப் போட்டன். கடையொண்டில "புரொசஸர் போச்சு, வேற வாங்குங்கோ" எண்டும் சொன்னவை. வாங்கியிருந்தா காசு வீண். சூடு சிபியுவில இல்லை, அதுக்குப் பக்கத்தில.

[திரையில்: மதர்போட்டை மேலிருந்து காட்டல். சிபியு சொக்கெட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகச் சதுரக் கட்டிகள்]

கொஞ்சம் கிட்ட வாங்கோ. இந்தச் சதுரக் கட்டிகள் சோக். அதுக்குப் பக்கத்தில, சூட்டைக் காத்துக்கு விடுற உலோகக் கட்டிக்கு, அதாவது ஹீட்சிங்குக்குக் கீழ மறைஞ்சு கிடக்கிற சின்னக் கறுப்புச் சில்லுகள் மொஸ்ஃபெட். இந்தப் பக்கம் நிக்கிற உருளைகள் கப்பாசிட்டர். இவ்வளவும் சேர்ந்ததுதான் விஆர்எம், அதாவது வோல்டேஜ் ரெகுலேட்டர். பவர் சப்ளை தாறது 12 வோல்ட். சிபியுவுக்கு வேண்டியது 1 வோல்ட்டுக்குக் கிட்ட. நடுவில நிண்டு மாத்திக் குடுக்கிறது இதுதான்.

எப்படி மாத்துது? இரணைமடுக் குளத்தில தண்ணி திறந்து விடுற துருசை நினைச்சுப் பாருங்கோ. கதவைக் கொஞ்சமாத் திறந்து வைச்சுத் தண்ணியைக் குறைக்கலாம். விஆர்எம் அப்படிச் செய்யிறதில்லை. அதின்ர கதவு மொஸ்ஃபெட். அந்தக் கதவை முழுசாத் திறந்து உடனே முழுசா மூடும், ஒரு செக்கனில 3 லட்சம் தரம், அதுக்கு மேலயும். வெட்டி வெட்டி வாற தண்ணியைச் சீராக்கி வயலுக்கு விடுற கேணி மாதிரித்தான் சோக்கும் கப்பாசிட்டரும். தண்ணிக் கதை இதோட நிக்கட்டும். ஏனெண்டா மின்சாரத்தில இன்னொண்டு நடக்குது: 12 வோல்ட்டில ஏறத்தாழ 11 ஆம்பியர் உள்ள போய், 1 வோல்ட்டில 100 ஆம்பியருக்கு மேல வெளியில வருது. உங்கட வீட்டுச் சுவர் பிளக்கே 13 ஆம்பியர்தான். ஒரு சிபியு, வீட்டுப் பிளக்கின்ர எட்டு மடங்கு கறண்டை விரல் நகமளவு சில்லுகளுக்குள்ளால இழுக்குது.

அதை ஒரு மொஸ்ஃபெட் தாங்காது. அதாலதான் நாலு, ஆறு பேஸ், அதாவது பங்கு எண்டு பிரிச்சு, கமக்காரர் முறைத் தண்ணி பாய்ச்சிற மாதிரி ஒண்டுக்குப் பிறகு ஒண்டாக வேலை செய்விக்கினம். இங்க ஒரு கணக்கு முக்கியம். கம்பியில வாற சூடு, கறண்டின்ர வர்க்கத்தோட ஏறும். கறண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. ஒவ்வொரு தரமும் கதவைத் திறந்து மூடுறதிலயும் கொஞ்சம் சக்தி போகும். எல்லாம் கூட்டி, உள்ள போறதில நூற்றுக்கு 10இலிருந்து 15 வீதம் வரை விஆர்எம்மிலயே சூடா மாறலாம். 115 வாட் சிபியுவுக்கு அது 13இலிருந்து 20 வாட். ரெண்டு சிபியுவுக்கும் சேர்த்து 26இலிருந்து 40 வாட்.

[திரையில்: சோல்டரிங் அயனின் முனையில் ஈயம் உருகுகிறது]

இந்தச் சோல்டரிங் அயன் 30 வாட். ஈயத்தை உருக்கிற அதே அளவு சூடு உங்கட மதர்போட்டில நாள் முழுக்க வருது. அதைக் காத்து எடுத்துக்கொண்டு போகாட்டி எங்க போகும்?

சூடேறினா மொஸ்ஃபெட்டின்ர தடையும் ஏறும். 25 பாகையில இருந்த தடை, 125 பாகைக்குப் போகேக்க ஏறத்தாழ ஒண்டரை மடங்கு. தடை கூடினா இன்னும் சூடு, சூடு கூடினா இன்னும் தடை. ஒரு எல்லையில விஆர்எம் சிபியுவுக்கு "என்னால ஏலாது" எண்டு சிக்னல் அனுப்பும். சிபியு உடனே தன்ர ஆகக் குறைஞ்ச வேகத்துக்கு விழும். இந்தச் சிபியுவுக்கு அது 1.2. நான் பார்த்த இலக்கம் அதுதான். சிபியு 64 பாகையில நிண்டதும் அதாலதான்: வேலை குறைஞ்சா அது ஏன் சுடப்போகுது?

இப்ப சேர்வர் போட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேணும், எங்கட ஆக்கள் நிறையப் பேர் இதில சறுக்கினம். சேர்வர்ப் பெட்டிக்குள்ள முன்னுக்கிருந்து பின்னுக்குப் புயல் மாதிரிக் காத்து ஓடும், அந்த இரைச்சலுக்குக் கிட்ட நிக்கேலாது. அந்தக் காத்தை நம்பித்தான் விஆர்எம்முக்குச் சின்ன ஹீட்சிங்க் வைச்சிருப்பினம். சில போட்டில அதுவும் இல்லை. நாங்கள் அதே போட்டைக் கொண்டுவந்து சாதாரணக் கேசிங்கில பூட்டி, சத்தம் வேண்டாமெண்டு உயரமான கூலர் போடுறம். அந்தக் கூலர் காத்தை மேலாலயே கொண்டுபோகுது, கீழ விஆர்எம்முக்கு ஒரு மூச்சுக்கூடப் படாது. தண்ணிக் கூலர் போட்டா இன்னும் மோசம், சொக்கெட்டைச் சுத்திக் காத்தே இல்லை.

ரெண்டு சொக்கெட்டும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா இருந்தா, பின்னுக்கு இருக்கிறதுக்குப் போறது முன்னால இருக்கிறதின்ர வெக்கைக் காத்து. மணிக்கு 85 கன மீட்டர் காத்து 130 வாட் சூட்டைக் கடந்து போனா, அந்தக் காத்தே நாலரைப் பாகை கூடியிருக்கும். என்ர மெசினிலயும் முதலில விழுந்தது பின் சிபியுதான்.

அதோட எங்கட இடம். குளிரூட்டின சேர்வர் அறையில காத்து 22 பாகை. வைகாசி, ஆனி மத்தியானத்தில தகரத்துக்குக் கீழ என்ர அறை 36. அந்த 14 பாகையும் அப்படியே விஆர்எம்மின்ர மேல ஏறும். புழுதி வேற. கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா கிரவல் றோட்டுச் செம்புழுதி எல்லாத்துக்குள்ளயும் போயிடும்.

[திரையில்: கழற்றிய ஹீட்சிங்க், கைக்குக் கிட்ட]

இதுதான் என்ர ஹீட்சிங்க். இந்தச் செதில்களுக்கு நடுவில செம்மண் நிறத்தில படிஞ்சு கிடக்கிறதைப் பாருங்கோ, கம்பளி மாதிரி. நகத்தால இழுக்க ஒரு துண்டாவே கழண்டு வந்தது. இப்ப திருப்பிறன். சில்லின்ர சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்திற மெத்தை மாதிரியான இந்த தெர்மல் பேட்டில ஆறு மொஸ்ஃபெட்டின்ர அச்சும் இருக்க வேணும். எண்ணிப் பாருங்கோ, நாலுதான் இருக்கு. மற்ற ரெண்டும் ஹீட்சிங்கில தொடவே இல்லை. முந்திக் கழட்டின ஆரோ, தடிப்புக் குறைஞ்ச பேட்டைப் போட்டிருக்கினம். ஒரு மில்லிமீட்டர் இருந்த இடத்தில அரை மில்லிமீட்டர் போட்டா இதுதான் நடக்கும். பேட்டுக்குப் பதிலாப் பேஸ்டைப் பூசுறதும் சரிவராது, அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

நான் செய்தது இவ்வளவுதான். புழுதியைத் தூரிகையாலயும் புளோவராலயும் எடுத்தன். புளோவர் பிடிக்கேக்க ஃபான் இதழை விரலால பிடிச்சுக்கொள்ளுங்கோ, இல்லாட்டி அது கண்டபடி சுத்திப் பழுதாப்போகும். பழைய பேட்டின்ர எண்ணெய்க் கறையை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால துடைச்சன். சரியான தடிப்பில புதுப் பேட் வைச்சன். பிறகு 80 மில்லிமீட்டர் ஃபான் ஒண்டை, விஆர்எம்மைப் பார்த்தபடி சரிவாக் கேபிள் டையால கட்டினன். ஃபான் சட்டத்தில அம்புக்குறி இருக்கும், காத்து போற பக்கத்தை அது காட்டும். பிளாஸ்டிக் பைல் கவர் ஒண்டை வெட்டி, காத்து அங்கால இங்கால சிதறாமல் ஒரு வழியும் அமைச்சன்.

[திரையில்: ஊதுபத்திப் புகை கேசிங்கின் முன்வாயிலால் உள்ளே இழுபடுகிறது]

காத்து எந்தப் பக்கத்தால உள்ள போகுது, எங்கால வெளியேறுது எண்டு பார்க்க ஊதுபத்தி போதும். உள்ள விஆர்எம்முக்குப் படுதோ எண்டு பார்க்க, மெல்லிய கடதாசித் துண்டொண்டை ஹீட்சிங்குக்குக் கிட்டப் பிடியுங்கோ. துடிச்சா காத்து வருது. பக்க மூடியைக் கழட்டிப்போட்டு மேசை ஃபானைத் திருப்பி விடுறதை நான் விரும்பிறதில்லை. அவசரத்துக்கு ஒரு நாள் உதவும், ஆனா ரெண்டு கிழமையில முழுப் புழுதியும் உள்ளுக்கு.

பயோஸ் செட்டிங்கில டேர்போவையும், அதாவது சிபியு சாதாரண வேகத்துக்கு மேல தானாப் போறதையும் நிப்பாட்டினன். கறண்ட் நூற்றுக்கு 20 வீதம் குறைஞ்சா, தடையால வாற சூடு 36 வீதம் குறையும். ரெண்டர் கொஞ்சம் பிந்தும், பாதியில விழுந்து கிடக்கிறதை விட அது மேல்.

சூட்டை அளக்க வேணுமெண்டா, சேர்வர் போட்டில ஐபிஎம்ஐ, அதாவது போட் தன்ர நிலையைத் தானே காட்டுற பக்கத்தில, விஆர்எம் எண்ட பேரோட ஒரு வரி தேடுங்கோ. இல்லாட்டி இன்ஃபிராரெட் தெர்மோமீட்டர். ஆனா மினுங்கிற உலோகத்தில அது உண்மையை விடக் குறைச்சுக் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதுக்கு மேல பிடியுங்கோ.

[திரையில்: ஐபிஎம்ஐ பக்கம், பின்னால் ரெண்டர் ஓடுகிறது]

இப்ப பின்னேரம் மூண்டு மணி. அறை 35 பாகை, வெளியில கச்சான் அடிக்குது. முந்தி இதே நேரம் பின் சிபியுவின்ர விஆர்எம் 106 காட்டினது, இப்ப 81. ரெண்டு சிபியுவும் 2.8இல ஓடுது. ரெண்டர் முடிய இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு, இந்த இலக்கத்தை மாத்தாமல் முழுசா ஓட விடுறன். நீங்களும் பாருங்கோ.