கறையானுக்கு எழுபது ஆண்டுக் கணக்குத் தெரியாது

வணக்கம். புலமைச் சொத்துச் சட்டம், அதாவது எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவை யாருக்கு உரியவை என்று சொல்கிற சட்டம், பற்றிப் பேசச் சொன்னார்கள். சட்டப் புத்தகத்தை விட்டுவிட்டு எங்கள் வீட்டு றங்குப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

போன மாதம் அதைத் திறந்தபோது 64 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது, 1958இல் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் அடித்தது, எழுதியவர் எங்கள் ஊர்ச் சட்டம்பியார், பள்ளிக்கூட வாத்தியார். கிணற்றுத் துலாவால் எப்படித் தண்ணீர் இறைப்பது, புகையிலைக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் கட்டுவது, எல்லாம் கை பழகின மனிதரின் தமிழில் இருக்கிறது. பின்பக்கம் ஏழெட்டு இதழைக் கறையான் தின்றுவிட்டது. வேறு பிரதி எங்காவது உண்டா என்று தேடினேன், அகப்படவில்லை. இதை ஸ்கான் செய்து இணையத்தில் போடுவோம் என்று நினைத்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்தது.

எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து 70 ஆண்டு வரை இருக்கும். சட்டம்பியார் 1971இல் காலமானார். ஆகவே 2041 முடியும்வரை பொறுக்க வேண்டும். அந்தப் புத்தகத்தில் உள்ள இறைப்பு முறையை யாரும் பயன்படுத்தலாம், எண்ணத்துக்குப் பூட்டு இல்லை, அவர் எழுதின வசனத்துக்குத்தான் பூட்டு. ஆனால் எனக்கு வேண்டியது அந்த வசனம்தானே!

சரி, இந்த 70 எங்கிருந்து வந்தது? உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் கேட்பது 50 ஆண்டு மட்டும். இந்தியா 60 வைத்திருக்கிறது. நாங்களோ யாரும் கட்டாயப்படுத்தாத 20 ஆண்டைக் கூடக் கொடுத்திருக்கிறோம். 50 என்று விட்டிருந்தால் இந்தப் புத்தகம் 2022லேயே எல்லோருக்கும் சொந்தமாகியிருக்கும். இதே சட்டமூலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, மருந்துக் காப்புரிமைப் பக்கத்தில் ஏழை நாடுகளுக்கென ஒப்பந்தத்திலேயே உள்ள சலுகைகளை விட்டுவிட்டீர்களே என்று நீதிமன்றம் குறை பிடித்தது. மருந்துக்காகப் பேச ஆள் இருந்தது, பழைய புத்தகத்துக்கு யார் இருக்கிறார்கள்?

அனுமதி கேட்டால் முடிந்தது என்பீர்கள். யாரிடம் கேட்பது? 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தது, அதற்கு முன்னும் பின்னும் சனம் உலகமெல்லாம் சிதறிப்போனது. சட்டம்பியாரின் மகன் ரொறன்ரோவில். தொலைபேசியில் கேட்டேன். “ஐயா புத்தகம் எழுதினவரோ? எனக்குத் தெரியாதே” என்றார். உரிமை அவர் கையில் இருக்கிறது, ஆனால் அவருக்கே தெரியாது. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத புத்தகத்துக்கு இந்தியச் சட்டத்தில் ஒரு வழி உண்டு: தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று விண்ணப்பித்து, தொகை கட்டி, வெளியிடலாம். தமிழ்நாட்டு அரசு பல எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, பாரதியின் பாட்டுகள் 1949லேயே அப்படி வந்தவை. எங்கள் மாகாண சபைக்கு இதுபோன்ற ஒரு யோசனை வந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்பார்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து எழுத்துக்களைச் சேர்க்கிறவர்கள் செய்வது அந்த நெருப்புக்குப் பிறகான வேலை. ஸ்கான் செய்த தமிழை இப்போது கணினியே வாசித்து எழுத்தாக்குகிறது. தொழில்நுட்பம் வந்துவிட்டது, அதற்குக் கொடுக்கத் தமிழ்ப் பக்கங்கள்தான் பூட்டிக் கிடக்கின்றன. தகவல் தொழில்நுட்பக் கொள்கை என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பூட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ரொறன்ரோ மகன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். இன்னொரு மகள் பிரான்சில் எங்கோ, அவருடைய விலாசம் கேட்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை பெட்டிக்குள் வேப்பிலை போட்டிருக்கிறேன்.